இருட்டு, உருண்டை, பழசு: ஒரு மேடைக் கலைஞருக்காகச் செய்த பான்ஜோ (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய பான்ஜோ பட்டறையில். மொத்தம் நான்கு பேர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையைச் செய்துவரும் முதலாளி, கழுத்து செதுக்குபவர், மெருகு வேலைக்கு ஒருவர், வரைபடமும் அளவும் பார்க்க நான். பட்டறையின் பெயரையும் கலைஞரின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. சொல்லாமலே விஷயம் விளங்கும்.

நம் ஊரில் பான்ஜோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தட்டச்சுப் பொறி மாதிரி பொத்தான் வைத்த புல்புல்தாரா. இது அதுவல்ல. ஒரு மர வளையம், அதன் மேல் மேளம்போல் இழுத்துக் கட்டிய தோல், தோலின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் சின்ன மரக்குதிரை, நீண்ட கழுத்து, ஐந்து தந்திகள். ஐந்தாவது தந்தி குட்டையானது. அது கழுத்தின் உச்சிவரை போகாமல் ஐந்தாவது ஃப்ரெட்டின் பக்கத்திலேயே தனி முறுக்காணியில் முடிந்துவிடும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் இங்கே ஃப்ரெட். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழியாக வந்த வாத்தியம் இது. ஆதியில் உடல் சுரைக்குடுக்கைதான். மர வளையம், உலோகக் கொக்கிகள், தோலின் விளிம்பைத் தாங்கும் பித்தளை வளையமான டோன் ரிங் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

வாசிப்பவர் கேட்டு, செய்பவர் வடிவத்தை மாற்றுவது இந்த வாத்தியத்தில் புதிதல்ல. தன் குரலுக்குத் தோதான சுருதிகளில் பாட வேண்டும் என்பதற்காக பீட் சீகர் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் 1940களில் கழுத்தில் மூன்று ஃப்ரெட் கூட்டினார். அந்த நீளக் கழுத்து பான்ஜோவைப் பின்னாளில் வேகா நிறுவனம் அவர் பெயரிலேயே விற்றது. ஜான் ஹார்ட்ஃபோர்ட் தாழ்ந்த சுருதியில் வாசித்தவர். அவர் பெயரில் டீரிங் நிறுவனம் செய்த மாடலில் டோன் ரிங் உலோகமல்ல, மரம். எங்கள் முதலாளிக்கு இந்த இரண்டு கதைகளும் மனப்பாடம். எங்கள் முதல் தவறு அந்த மனப்பாடத்திலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் கேட்டது

வந்தவர் நாற்பதுகளில் இருந்த ஒரு பெண். முழுநேரக் கலைஞர். ஃபிடில் (வயலின்) வாசிக்கும் ஒருவரோடு இருவர் குழுவாக ஊர் ஊராகப் போய் வாசித்துப் பாடுபவர். அவர் வாசிப்பது கிளாஹேமர் முறை: விரல் நகத்தின் பின்பக்கத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பார், கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் விழுந்து மீளும். புளூகிராஸ் என்ற இசைவகையில் கேட்கிற, மூன்று விரல்களில் நகமாட்டி வாசிக்கும் முறை வேறு.

கையில் இருந்த பழைய பான்ஜோவுக்குப் பதினொரு அங்குல வளையம், பித்தளை டோன் ரிங், இருபத்தாறேகால் அங்குலத் தந்தி நீளம். வழக்கமான ஜி சுருதியில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வயது ஏற ஏறக் குரல் இறங்கிவிட்டது. இப்போது பாதிப் பாடல்களை எஃப்-இல், அதாவது இரண்டு அரைச்சுரம் கீழே, பாடுகிறார். கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்தும் கவ்வியான கேப்போ போட்டால் சுருதியை ஏற்றலாம், இறக்க முடியாது. தந்தியைத் தளர்த்தினால் தொளதொளவென்று ஆகி, ஃப்ரெட்டில் தட்டிக் கிரீச்சிட்டது.

முதல் சந்திப்பு பிப்ரவரியில், காணொளி அழைப்பில், நாற்பது நிமிடம். எந்த மாதிரி ஒலி வேண்டும் என்று முதலாளி கேட்டார். அவர் மூன்று சொற்கள் சொன்னார். அன்று என் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது: இருட்டு, உருண்டை, பழசு. அதாவது பளிச்சென்று இல்லாமல், முனை மழுங்கி, ஒரு நூறாண்டுக்கு முந்தைய பான்ஜோ மாதிரி ஒலிக்க வேண்டும். மாதிரிக்குத் தன் மூன்று ஒலிப்பதிவுகளை அனுப்பினார். மூன்றும் அருமை. எல்லாம் பழைய பான்ஜோவில் வாசித்தவை. எங்களிடம் கேட்கும் ஒலியை ஏற்கெனவே பழைய பான்ஜோவில் வாசித்து அனுப்பியிருக்கிறாரே, அது எப்படி என்று அன்றைக்கே யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். எனக்கும் உறைக்கவில்லை.

இந்த வாத்தியம் சரியாக வந்தால் அதை அடிப்படையாக வைத்து அவர் பெயரில் ஒரு மாடல் போடுவது என்றும் பேச்சு. பாதிப் பணம் முன்பணமாக வந்தது. ஒப்பந்தம் ஒரு பக்கம்தான். விலை, மரம், கொடுக்கும் மாதம். வாத்தியம் பொருந்தாமல் போனால் என்ன என்பது பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

முதல் வடிவம்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாளி மூன்று சொல்லையும் மூன்று பாகமாக மாற்றினார். இருட்டுக்கு வளையத்தைப் பன்னிரண்டு அங்குலமாக்கினார், தோல் பெரிதானால் அடித்தொனி கூடும் என்று. உருண்டைக்குப் பித்தளை டோன் ரிங்கை எடுத்துவிட்டு, வளையத்தின் மேல் விளிம்பிலேயே கருமரப் பட்டை. பழசுக்கு அசல் ஆட்டுத்தோல். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் வந்த பிறகு பெரும்பாலான பான்ஜோக்கள் அதற்கு மாறிவிட்டன. அதற்கு முன் எல்லாமே விலங்குத் தோல்தான். தனித்தனியாகப் பார்த்தால் எந்த முடிவும் தவறில்லை. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எஃப் சுருதிக்கு வழி கண்டது நான். கணக்கு எளிது. ஒரே தந்தியை, ஒரே நீளத்தில், இரண்டு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை நூறிலிருந்து எழுபத்தொன்பதுக்கு விழும். அதனால்தான் தொளதொளப்பு. நீளத்தைக் கூட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இருபத்தெட்டரை அங்குலம் வைத்தால், அதே மெல்லிய தந்தியில், எஃப்-இல் இழுவிசை தொண்ணூற்று நாலுக்கு வந்துவிடுகிறது. பழைய விறைப்பு ஏறத்தாழ திரும்பிவிட்டது. சீகர் போன வழிதான், கொஞ்சம் சுருக்கமாக. கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ஒரே மகிழ்ச்சி.

கழுத்தின் அடிப்பகுதியில் குழி வெட்டுவதா என்று ஒரு கேள்வி எழுந்தது. கிளாஹேமர் வாசிப்பவர்கள் பலர் பதினேழாவது ஃப்ரெட்டுக்குக் கீழே பலகையைச் சற்றுத் தாழ்த்தி, ஃப்ரெட்டுகளை எடுத்துவிடச் சொல்வார்கள். அங்கே அடிக்கும்போது விரலுக்கு இடம் கிடைக்கும். "இவர் தொழில்முறைக் கலைஞர், இருபத்திரண்டு ஃப்ரெட்டும் வேண்டியிருக்கும்" என்றார் முதலாளி. கலைஞரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பட்டறையில் கண்டது

ஜூன் தொடக்கத்தில் வாத்தியம் தயார். அவர் நேரில் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்தார். அடியில் கனமான, மெதுவாக அடங்குகிற ஒலி. மெருகு போடுபவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார். கலைஞரின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அன்று நான் குறித்து வைத்தது இரண்டே விஷயம். ஒன்று, இடக்கையை மூன்று முறை உதறிக்கொண்டார். இரண்டு, வலக்கையைத் தோலின் மேலே வைத்து வாசித்தார். அப்படி வாசிப்பதுதான் அவர் வழக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

புதுக் கழுத்து, பழக வேண்டுமல்லவா என்று கை உதறலை விட்டுவிட்டோம்.

ஜூலை: திறந்தவெளி மேடை

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசி வந்தது. மலைப்பகுதியில் ஒரு திறந்தவெளி விழா. மாலையில் மழை பெய்து ஓய்ந்து காற்றெல்லாம் ஈரம். மேடை ஏறி இரண்டாவது பாடலிலேயே தோல் தொய்ந்துவிட்டது. தோல் தொய்ந்தால் குதிரை இறங்கும், குதிரை இறங்கினால் தந்தி ஃப்ரெட்டின் மேல் படியும், பிறகு எதைத் தொட்டாலும் கிரீச்தான். இருபத்து நாலு கொக்கி. ஒவ்வொன்றாக மேடையில் நின்று முறுக்க முடியாது. பழைய பான்ஜோவை எடுத்து நிகழ்ச்சியை முடித்திருக்கிறார்.

அதோடு போகவில்லை. இரவே அறையில் உட்கார்ந்து எல்லாக் கொக்கிகளையும் முறுக்கிச் சரிசெய்துவிட்டார். மறுநாள் வெயில். ஈரத்தில் முறுக்கிய தோல் காய்ந்து இறுகி, நடுப்பகலில் விளிம்போரமாக இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் திருவாரூர் பக்கத்துக்காரன். பறை அடிப்பவர்கள் அடிக்கத் தொடங்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி, அனலில் பறையைக் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஈரத்தில் தோல் தொய்யும், சூட்டில் இறுகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வரைபடத்தில் ‘ஆட்டுத்தோல்’ என்று எழுதும்போது, இந்த அம்மா ஜூலையில் எங்கே உட்கார்ந்து வாசிப்பார் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. "இது நல்ல வாத்தியம்தான், ஆனால் என்னுடையது இல்லை போலிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் கிழிந்த தோலை மாற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம் என்று இப்போது நினைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தபோது

ஆகஸ்டில் அவரை மறுபடி வரவழைத்தோம். இந்த முறை இரண்டு வாத்தியங்களையும் கொண்டுவரச் சொன்னோம். பழைய பான்ஜோவை அதுவரை நாங்கள் யாரும் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்யும் பட்டறை, எதற்குப் பதிலாகச் செய்கிறோம் என்று பார்க்காமலே வேலையை முடித்திருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கழுத்தின் அடிப்பகுதி. பதினெட்டாவது ஃப்ரெட்டுக்கும் இருபதாவதுக்கும் நடுவில், முதல் தந்தியின் பக்கமாக, கருங்காலிப் பலகையில் விரல்நுனி அளவு ஓர் இடம் மழமழவென்று தேய்ந்து மின்னியது. அந்த இடத்தில் ஃப்ரெட் கம்பியின் தலையும் மழுங்கியிருந்தது. இடக்கை விரல் அவ்வளவு கீழே போய் அழுத்தித் தேய்ந்த தேய்மானம் அல்ல இது. ஆண்டுக்கணக்கில் வலக்கை நகம் வந்து இடித்த இடம்.

வாசிக்கச் சொல்லி, கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தேன். பழைய பான்ஜோவில் அவர் கை பெரும்பாலும் கழுத்தும் வளையமும் சேரும் இடத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஃபிடிலை மீறிக் கேட்க வேண்டிய இடங்களில் மட்டும் தோலின் பக்கம் நகர்கிறது. குதிரையிலிருந்து தள்ளி அடிக்க அடிக்கத் தந்தியின் மேல்சுரங்கள் குறைந்து ஒலி மென்மையாகும். அவர் சொன்ன உருண்டையின் பாதி இதுதான். எங்கள் வாத்தியத்தில் கழுத்து நீண்டுவிட்டதால் அந்த இடம் கைக்கு எட்டாமல் நழுவிப் போயிருக்கிறது. எட்டினாலும் குழி இல்லாததால் நகம் ஃப்ரெட்டில் மோதியது. அதனால் கையைத் தோலின் மேல் வைத்துக்கொண்டார். ஜூனில் நான் அவர் வழக்கம் என்று எண்ணியது, எங்கள் வாத்தியம் அவருக்குக் கொடுத்த வழக்கம்.

பிறகு பழைய பான்ஜோவைத் திருப்பினேன். பின்பக்கம் திறந்த மாடல். குறுக்காக ஓடும் மரக்கோலுக்கும் தோலுக்கும் நடுவில் மடித்து மடித்துச் செருகிய ஒரு ஃபிளானல் துணி. பழைய சட்டையிலிருந்து கிழித்தது, கட்டம் போட்டது.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"அதுவா? அது எப்போதும் அங்கேதான் இருக்கும்" என்றார். இருப்பதையே மறந்திருந்தார்.

துணியை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னோம். நாலு அடி வாசித்ததும் நிறுத்திவிட்டார். இது தன்னுடைய பான்ஜோவே இல்லை என்றார். பளிச்சென்று, தகரம் மாதிரி ஒலித்தது. அவர் அனுப்பிய மூன்று ஒலிப்பதிவுகளிலும் இருந்த இருட்டு, டோன் ரிங்கிலும் இல்லை, வளையத்திலும் இல்லை. பாதி இந்தத் துணி, பாதி அவர் கை விழும் இடம். நம் மிருதங்கக்காரர்கள் தொப்பியில் ரவையை அப்பிக்கொள்வது நினைவுக்கு வந்தது. ரவை தோலுக்குக் கனம் கூட்டிச் சுருதியை இறக்குகிறது, இந்தத் துணி அதிர்வை அடக்குகிறது. இரண்டும் ஒரே வேலை இல்லைதான். ஆனால் ஒரு மிருதங்க வித்வானின் ஒலியைப் பிரதி எடுக்கப் போகிறவன் அந்த ரவையைப் பார்க்காமல் அளவெடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே ஆகியிருந்தது.

கை உதறல் விஷயம் கடைசியாக வந்தது. அதை அவரே சொன்னார். இருபத்தாறேகால் அங்குலத்தில் முதல் நான்கு ஃப்ரெட்டின் தூரம் நூற்று முப்பத்தேழரை மில்லிமீட்டர். இருபத்தெட்டரையில் அது நூற்று நாற்பத்தொன்பதைத் தாண்டுகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில், சின்ன உள்ளங்கை உள்ள ஒருவருக்கு, அது மணிக்கட்டில் போய் நிற்கிறது. இழுவிசையைக் கணக்குப் போட்ட நான் கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. மேலே முதலாளியை நிறையச் சொல்லிவிட்டேன். இது முழுக்க என் தவறு.

இரண்டாவது வடிவம்

இந்த முறை பட்டறையில் சண்டையே நடந்தது. முதல் வாத்தியத்தில் கழுத்தை மட்டும் மாற்றி, பிளாஸ்டிக் தோல் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் கழுத்து செதுக்குபவர். செலவு குறைவு, நியாயமான யோசனைதான். முதலாளிக்கோ ஆட்டுத்தோலை விட மனமில்லை. நான் மறுபடி கணக்கில் உட்கார்ந்தேன்.

நீளத்தைக் கூட்டாமல் இழுவிசையை மீட்க இன்னொரு வழி, தந்தியைத் தடிமனாக்குவது. இழுவிசை தடிமனின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். நீளத்தை இருபத்தைந்தரைக்குக் குறைத்து, மெல்லிய தந்திக்குப் பதில் நடுத்தரத் தந்தி போட்டால், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் முதல் தந்தி ஒன்பதுக்குப் பதில் பத்து, இரண்டாவது பத்துக்குப் பதில் பன்னிரண்டு, எஃப் சுருதியில் முதல் தந்திக்குத் தொண்ணூற்றிரண்டும் இரண்டாவதுக்கு நூற்றெட்டும் வருகிறது. நீளக் கழுத்து கொடுத்த தொண்ணூற்று நாலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முதல் நான்கு ஃப்ரெட்டின் தூரமோ நூற்று முப்பத்து நாலு மில்லிமீட்டர், பழைய பான்ஜோவைவிடவும் குறைவு. தடித்த தந்தியில் மேல்சுரம் சற்று மங்கும். அதைத்தான் அவர் கேட்டார். பிப்ரவரியிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியும். நீளக் கழுத்து என்ற விடை மனதில் முன்கூட்டியே இருந்ததால் இரண்டாவது விடையைத் தேடவில்லை.

பன்னிரண்டு அங்குல வளையம் அப்படியே இருந்தது. ஆனால் காரணம் மாறியது. நீளம் குறைந்ததால் குதிரையைத் தோலின் நடுவை நோக்கி நகர்த்த முடிந்தது. முன்பு வால்பக்க விளிம்பிலிருந்து மூன்றரை அங்குலத்தில் நின்ற குதிரை இப்போது நாலரைக்கு வந்தது. நடுவுக்கு நெருங்க நெருங்கத் தோல் அதிகம் அசையும். ஒலி ‘ணங்’ என்று இல்லாமல் ‘டொப்’ என்று விழும். இந்த மலைப்பகுதியின் பழைய கிளாஹேமர்காரர்கள் பலர் விரும்புவது இந்த ‘டொப்’தான். பதினேழாவது ஃப்ரெட்டிலிருந்து குழி வெட்டினோம். அதனால் மேல் ஃப்ரெட்டுகளைத் தொடும் இரண்டு பாடல்கள் அடிபட்டன. அவரிடம் முன்பே சொன்னோம். அவற்றில் ஒன்றை விரல் மாற்றி வாசிக்கப் பழகிக்கொண்டார், இன்னொன்றை விட்டுவிட்டார்.

தோல் விஷயத்தில் கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். ஃபைபர்ஸ்கின் என்று ஒரு செயற்கைத் தோல் கிடைக்கிறது. பார்க்கச் சொரசொரப்பாக விலங்குத் தோல் மாதிரியே இருக்கும், பளிச்சிடாது, ஈரத்துக்கும் தொய்யாது. அதைப் போட்டு, தோலின் இறுக்கத்தை அளக்கும் டிரம் டயலில் எண்பத்தெட்டு வரை மட்டும் முறுக்கினோம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேண்டுமானால் இருக்கட்டும் என்று, வளையத்துக்குப் பொருந்துமாறு ஓர் ஆட்டுத்தோலையும் தனியே கட்டிக் கொடுத்தார் முதலாளி. அது அவருடைய ஆசை, தடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் முடிவு செய்வதற்கு முன் ஒன்று செய்தோம். மலிவான பாப்லர் மரத்தில், மெருகு இல்லாமல், அலங்காரம் இல்லாமல் இரண்டு வெறும் கழுத்து வெட்டினோம். ஒன்று இருபத்தாறேகால், இன்னொன்று இருபத்தைந்தரை. இரண்டும் ஒரே வளையத்தில் மாட்டக்கூடியவை. வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் வாசிக்கச் சொன்னோம். எங்கள் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது எல்லாக் கலைஞர்களும் கொஞ்சம் மரியாதைக்காகவும் வாசிக்கிறார்கள். வீட்டில் அப்படி இல்லை. நாலாம் நாள் காலையில் குட்டைக் கழுத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு. கட்டைவிரல் இடிக்கிறது, இங்கே இன்னும் கொஞ்சம் இழைத்துவிடுங்கள் என்றார். பிப்ரவரியிலிருந்து அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை கேள்விகளுக்கும் கிடைக்காத மாதிரியான ஒரு பதில், அந்தக் கோடு.

பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், இனிமையான பகுதி அல்ல. முதல் வாத்தியத்தை எங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டு, முன்பணத்தை இரண்டாவதற்கு வரவு வைத்தார் முதலாளி. ஒப்பந்தத்தில் இல்லாததால் அவர் அப்படிச் செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கலைஞருக்கும் கேட்க உரிமை இருந்ததா என்பது தெளிவில்லை. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்ததால் முடிந்தது. வேறு இரண்டு பேர் என்றால் வக்கீலிடம் போயிருக்கும். முதல் வாத்தியம், புதுத் தோல் போட்டு, இப்போதும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. உயரமான, நீண்ட விரல் உள்ள ஒருவர் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு விலை கேட்டார். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு

இரண்டாவது வாத்தியம் அடுத்த பிப்ரவரியில் அவர் கைக்குப் போனது. அந்த ஆண்டு கோடை முழுவதும் மேடையில் அதுதான். மழை விழாக்கள் இரண்டு இருந்தன, தோல் அசையவில்லை. மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது என்றார், போய்விட்டது என்று சொல்லவில்லை. ஜி சுருதிப் பாடல்களுக்கு இன்னமும் பழைய பான்ஜோவைத்தான் எடுக்கிறார். தடித்த தந்தியை ஜி வரை ஏற்றினால் அவருக்கு விறைப்பாக இருக்கிறது. இது நாங்கள் எதிர்பார்க்காதது அல்ல, ஆனால் அவரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை. ஒரே வாத்தியத்தில் எல்லாம் முடியும் என்று அவர் நினைத்திருந்தார்.

அவர் பெயரில் மாடல் போடும் பேச்சைத் தள்ளிவைக்கச் சொன்னவர் அவரேதான். "இது என் கைக்குச் செய்தது. என் பெயரைப் பார்த்து வாங்குகிறவர் கைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். முதலாளிக்கு வருத்தம். வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டம்தான். எனக்கு அவர் சொன்னது சரியென்று பட்டது. பட்டறையில் இதுபற்றி இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இப்போது மாற்றியிருப்பவை

தனிப்பட்ட ஆர்டர் என்றால் முதல் சந்திப்பு இனி நேரில்தான், அல்லது கலைஞரின் நிகழ்ச்சிக்கு நாங்கள் போவோம். இப்போது வைத்திருக்கும் வாத்தியத்தை முதலில் வாங்கி, தேய்ந்த இடம், ஒட்டிய டேப், செருகிய துணி எல்லாவற்றையும் படம் எடுக்கிறோம். ஒலியைப் பற்றிய சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம், ஆனால் கையைப் பார்த்த பிறகுதான் அவற்றுக்கு எதிரே பாகம் எழுதுகிறோம். பாப்லர் கழுத்து இப்போது எல்லா ஆர்டருக்கும் உண்டு. ஒரு நாள் வேலை, மரம் மலிவு. அதைச் செய்யாததால் முதல் முறை எங்களுக்குப் போனது முழு வாத்தியம் ஒன்றின் உழைப்பு. ஒப்பந்தம் மூன்று பக்கமாகிவிட்டது. பொருந்தாவிட்டால் யார் எதை ஏற்பது, எந்தச் சுருதிகளுக்கு இந்த வாத்தியம், எவற்றுக்கு இல்லை என்று அதில் வரிகள் இருக்கின்றன.

போன மாதம் அவர் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அந்தப் பான்ஜோவைக் கொண்டுவந்தார். குழியின் மேல் நகம் இடித்த அடையாளமே இல்லை. ஃப்ரெட்டுகளும் நன்றாக இருந்தன. ஆட்டுத்தோல் வாங்கிய உறையிலேயே இருக்கிறதாம். துடைப்பதற்காக வாத்தியத்தைத் திருப்பினேன். மரக்கோலுக்கும் தோலுக்கும் நடுவில் அதே கட்டம் போட்ட ஃபிளானல், முன்பைவிட ஒரு மடிப்பு குறைவாக. அதன் தடிமனை அளந்து கோப்பில் எழுதிக்கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவைத்தேன்.